கிளுவை வேலிக்குள்ளே ஓர் ஊர்

(தலைப்பு: மனநிறைவோடு வாழ ஏற்ற இடம் பெருநகரமா, சிற்றூரா? 'சிற்றூரே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் கோயம்புத்தூரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், "இந்த ஆளு பேசி முடிச்சாத்தான் நமக்குச் சோறு" என்று காத்திருக்கிற குடும்பத் தலைவர்களே! (சிரிப்பு)

எதிரணியில் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "சிற்றூர் சிற்றூர் என்கிறீர்களே, அங்கே என்னங்க இருக்கிறது? காற்றும் புழுதியும்தானே இருக்கிறது?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்கு யார் பேசினாலும் தட்ட வேண்டும். ஆனால் அந்தக் காற்றும் புழுதியும் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவர் போய்ப் பார்த்தாரா? அதைத்தான் இன்று நான் சொல்லப்போகிறேன்.

நடுவர் அவர்களே, சிற்றூர் என்றதும் எல்லாரும் ஒரு சினிமா கிராமத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு ஓடும், தென்னை ஆடும், வயல் பச்சைப்பசேல் என்று கிடக்கும், நாலு பெண்கள் குடத்தோடு பாடிக்கொண்டே வருவார்கள். எங்கள் கொங்கு நாட்டுக்கு வாருங்கள். இந்த உக்கடத்திலிருந்து ரெண்டு மணி நேரப் பயணம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், முத்தூர், குண்டடம். அந்தப் பக்கம் போனால் ஆறு ஓடாது, பஸ்தான் ஓடும். குடத்தோடு பெண்கள் வருவார்கள், ஆனால் பாடமாட்டார்கள். குழாயில் தண்ணி வராத கோபத்தில் வருவார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

அது மேட்டாங்காடு. வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். மற்ற நாளெல்லாம் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை நடுவிலே கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஆனி ஆடியிலே அந்தக் கதவு வழியாகக் காற்று நுழைந்தால், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போகும். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் வணக்கமே சொல்ல முடியும். ஒற்றைக் கை வணக்கம். அதை மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். ரெண்டு கையும் எடுத்தால்தான் மரியாதை போகும்! (பலத்த சிரிப்பு)

அந்தக் காற்றையும் அந்த மழையையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? நெல் விளையாது. கரும்பு விளையாது. அந்த மண்ணில் வாழ்ந்த நம் முன்னோர்கள் ஒரு காரியம் செய்தார்கள். புல்லை வளர்த்தார்கள். ஆமாம் ஐயா, புல்! அதற்குப் பெயர் கொரங்காடு. இந்த அரங்கத்திலே அந்தப் பெயர் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, இருபது முப்பது கை தெரிகிறது. எல்லாம் நரைத்த தலை. எதிரணியில் ஒரு கையும் இல்லை. (சிரிப்பு)

கொரங்காடு என்பது மேய்ச்சல் நிலம். பொறம்போக்கு இல்லை, சொந்தப் பட்டா நிலம். உழாமல், விதைக்காமல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே விட்டு வைத்த நிலம். கொழுக்கட்டைப் புல் தரை முழுக்கப் பரந்திருக்கும். நடுநடுவே வெள்வேல மரம். மழை இல்லாத காலத்தில் புல் காய்ந்து போனாலும் அந்த மரம் காய் உதிர்க்கும். ஆடு பொறுக்கித் தின்னும். சுற்றிலும் வேலி. என்ன வேலி? கம்பி வேலியா? கிளுவை வேலி! குச்சியை ஒடித்து நட்டால் உயிர் பிடித்துக்கொள்கிற முள்கிளுவை. ஒரு முறை நட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். ஒரு படலைத் திறந்து ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவன்கூட வேண்டாம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காடு. அதற்குள் முதல் காடு தலை எடுத்துவிடும். இதை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் புல்லைத் தின்றுதான் காங்கேயம் காளை வந்தது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மாடு. கன்று பிறக்கும்போது செம்மண் நிறம். ஆறு மாதம் ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்து நிற்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்தது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. இன்றைக்கு நம் போனில் வருகிற ரகசிய எண்ணை எத்தனை பேர் திருடுகிறான்? அந்தத் துண்டுக்குள்ளே இருந்த ரகசியத்தை ஒருத்தன் திருட முடியுமா? (கைதட்டல்)

அந்தக் காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதும் இந்த மாடுதான். அதற்குக் கவலை என்று பெயர். தோலால் செய்த பெரிய சால், ஒரு ஜோடி மாடு, ஒரு பாட்டு. எங்கள் சிற்றூரிலே மாடு கவலை இழுத்தது, மனுசன் நிம்மதியாக இருந்தான். உங்கள் நகரத்திலே மாடு இல்லை, கவலை மட்டும் இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

(நடுவர்: "அதெல்லாம் சரிங்க பேராசிரியரே, நீங்க குடியிருக்கறது உக்கடத்துலதானே?")

ஐயா, இதை நீங்கள் கேட்பீர்கள் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். ஆமாம், உக்கடத்தில்தான் இருக்கிறேன். அதனால்தான் பேசுகிறேன். தண்ணீரிலே இருக்கிற மீன் தண்ணீரைப் பற்றிப் பேசாது. கரையிலே கிடக்கிற மீன்தான் துள்ளும். உக்கடத்தில் மீன் மார்க்கெட் பக்கத்திலே இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? (சிரிப்பு)

உக்கடத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய குளம் இருக்கிறது, மாலையில் நடக்க நல்ல கரை போட்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டிலே உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலத்துக்கு மேம்பாலம் திறந்தார்கள். நல்ல பாலம். போக்குவரத்து நெரிசல் குறைந்தது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? உக்கடத்தைப் பார்க்காமலேயே உக்கடத்தைத் தாண்டிப் போய்விடலாம். பெருநகரத்தின் பெருமையே அதுதான், நடுவர் அவர்களே. மனிதனைப் பார்க்காமல் மனிதனைத் தாண்டிப் போக வழி செய்து கொடுக்கிறது.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டு இலக்கியம் பேசாதே என்றால் எப்படி? நம் முன்னோர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். அதில் முல்லை. காடும் மேய்ச்சலும் சேர்ந்த நிலம். ஆயர்கள் வாழ்கிற நிலம். பொழுது எது? கார்காலம், மாலை நேரம். அந்த நிலத்துக்கு உரிய ஒழுக்கம் என்ன தெரியுமா? இருத்தல். போன கணவன் வருவான் என்று காத்து இருத்தல். குறிஞ்சிக்குச் சேர்தல், பாலைக்குப் பிரிதல், மருதத்துக்கு ஊடல். புல்வெளிக்கு மட்டும் காத்திருத்தலை ஏன் வைத்தான்? ஏனென்றால், ஐயா, மாலையில் மாடு திரும்பி வரும். தூசி எழும்பும். கழுத்து மணி கேட்கும். மாடு வந்துவிட்டது, ஆள் வரவில்லையே என்று மனசுக்குத் தோன்றுகிற நிலம் அதுதான். மலையிலே இருந்தால் கண்ணுக்கு மறைப்பு உண்டு. சமவெளிப் புல்வெளியிலே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தெரியும். வருகிறானா, வரவில்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் காத்திருத்தல் நம் ஊரோடு போகவில்லை. அமெரிக்காவிலே நடுமேற்குப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ். அது உலகத்தின் மிகப் பெரிய புல்வெளிகளில் ஒன்று. ஆள் உயரத்துக்குப் புல். புல்லின் வேர் பின்னிக் கிடந்த அந்தக் கரிய மண்ணில் மரக்கலப்பையும் வார்ப்பிரும்புக் கலப்பையும் திணறின. 1837இல் ஜான் டியர் என்கிற கொல்லர் இல்லினாயிலே பளபளப்பான எஃகுக் கொழு வைத்து ஒரு கலப்பை செய்தார். அதன் பிறகு 1862இலே ஒரு சட்டம். ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கே சொந்தம்! கிட்டத்தட்ட இனாம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒருத்தரும் இங்கே இருந்திருக்கமாட்டார்கள். காங்கேயம் காளையையும் கப்பலில் ஏற்றியிருப்பார்கள். (சிரிப்பு) அங்கே ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளை விரட்டிவிட்டுத்தான் அந்த நிலம் கொடுக்கப்பட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

160 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு விளக்கு அரை மைல் தூரத்தில் தெரியும். நம் கொங்கு நாட்டிலும் அப்படித்தானே? தஞ்சாவூரிலே தெருத் தெருவாக வீடு. இங்கே தோட்டத்துக்கு நடுவிலே சாளை. அவரவர் காட்டில் அவரவர் குடியிருப்பு. நாய் குரைத்தால்தான் பக்கத்திலே ஆள் இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் நம் ஆட்களுக்கு ஒரு பேச்சுப் பழக்கம். எதிரே ஆள் வந்தால் விடமாட்டார்கள். "ஏனுங், சௌக்கியமுங்களா? மழ பேஞ்சுதுங்களா? பையன் போன் பண்ணுனானுங்களா? மாடு ஈனிருச்சுங்களா?" இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான், "சரி, நீங்க யாருங்?" என்பார்கள்! (பலத்த சிரிப்பு)

அந்த இல்லினாயிலே புளூமிங்டன் என்று ஓர் ஊர். பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் தலைமையகம் அங்கே இருக்கிறது. நம் பையன்கள் நிறையப் பேர் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். எனக்குத் தெரிந்த வெள்ளகோவில் பக்கத்து அம்மா ஒருவர், மருமகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் அங்கே போய் இருந்தார். வந்த பிறகு என்னிடம் சொன்னார். "கண்ணு, பயந்துக்கிட்டுத்தான் போனேன். போய்ப் பாத்தா நம்ம காடாட்டவேதான் இருக்குது. கண்ணுக்கெட்டுன தொலைவுக்குச் சோளத்தட்டு. காத்தும் அடிக்குது. நம்மூருல சுத்தற காத்தாடி மெஷினு அங்கயும் சுத்துது. ஆனா ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லீங். கதவச் சாத்துனா சாத்துனதுதான்."

பக்கத்து வீட்டிலே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. எண்பது வயது. ஒரு காலத்தில் சோளக்காடு வைத்திருந்தவர், கணவர் போன பிறகு ஊருக்குள் வந்துவிட்டார். இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த அம்மாவுக்குக் கொங்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சாயங்காலமானால் ரெண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்களாம். ஒரு நாள் அந்தப் பாட்டி விரலைக் காட்டி எத்தனை பிள்ளை என்று கேட்டிருக்கிறார். இவர் ஒரு விரலைக் காட்டி, பின்னால் இருக்கிற வீட்டைக் காட்டினார். அந்தப் பாட்டி மூன்று விரலைக் காட்டி, கையை எங்கேயோ தூரத்துக்கு வீசிக் காட்டினாராம். பிறகு இவர் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாராம்.

"நீ குடுத்து வெச்சவன்னு அந்தம்மா சொல்றாப்பல இருந்துச்சு கண்ணு. எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல. மாசி போனா நானும் கெளம்பிருவேன், எங்க ஊருலயும் நான் ஒத்தையாளுதான்னு எந்த விரலக் காட்டிச் சொல்றது?"

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் முல்லைக்கு இருத்தல் என்று எழுதி வைத்தார்கள். அன்றைக்குக் காத்திருந்தது மனைவி. இன்றைக்கு அம்மா.

எதிரணியிலே இன்னொரு நண்பர் கேட்டார். "சின்ன ஊரிலே ஊர் வாய் பொல்லாதது. ஒருத்தி புதுப்புடவை கட்டினால் ஊர் முழுக்க விசாரணைக் கமிஷன்" என்றார். உண்மை. நான் மறுக்கவில்லை. இதை எங்கள் ஊர்க்காரரே எழுதி வைத்துவிட்டார். ஆர். சண்முகசுந்தரம், தாராபுரம் வட்டத்துக் கீரனூர்க்காரர். 1942இல் 'நாகம்மாள்' என்று ஒரு நாவல் எழுதினார். புருஷன் இல்லாத ஒரு பெண். தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆனால் சுற்றி இருக்கிற பேச்சும் தூண்டிவிடுதலும் சேர்ந்து கடைசியிலே ஒரு கொலையிலே போய் முடிகிறது. வட்டார நாவல் என்று தமிழில் பேசினால் முதலில் அதைத்தான் சொல்கிறோம்.

அதற்கு 22 வருடம் முன்னால், 1920இல், அமெரிக்கப் புல்வெளியிலே பிறந்த சின்கிளேர் லூயிஸ் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற நாவலை எழுதினார். நகரத்திலே படித்த ஒரு பெண் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு சின்ன ஊருக்கு வருகிறாள். அவள் என்ன வாங்குகிறாள், என்ன சமைக்கிறாள் என்று ஜன்னலுக்கு ஜன்னல் கண். மூச்சு முட்டுகிறது அவளுக்கு. அவர் பிறந்த ஊர் மினசோட்டாவிலே சாக் சென்டர். நம்மைத்தான் எழுதியிருக்கிறான் என்று ஊருக்கே கோபம். 1930இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது, இலக்கியத்துக்கு அந்தப் பரிசு வாங்கிய முதல் அமெரிக்கர். பிற்பாடு அதே ஊர் என்ன செய்தது தெரியுமா? இதுதான் அசல் மெயின் ஸ்ட்ரீட் என்று தெருவிலே பெயர்ப்பலகை வைத்தது! அவர் பேரிலும் ஒரு தெரு. சின்ன ஊரின் குணமே அதுதான் ஐயா. முதலில் திட்டும், அப்புறம் பொன்னாடை போர்த்தும். பெரிய ஊர் ரெண்டும் செய்யாது. நீ எழுதினாயா என்றே அதற்குத் தெரியாது. (சிரிப்பு, கைதட்டல்)

வேவு பார்க்கிற அந்தக் கண்தான், நீங்கள் மூன்று நாள் வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டுகிற கண்ணும். எனக்கு ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் கிடைக்காது. இதிலே பெண்களுக்குச் சேதாரம் அதிகம். அதை நாகம்மாளே சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் சகோதரியோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

கேட்கிற காதும் சின்ன ஊருக்கு உண்டு. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. யாரோ ஒரு பக்தர் கனவிலே ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து கோயிலில் சொல்ல வேண்டும். பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டியில் ஏறும். அடுத்த ஆள் கனவு கண்டு வருகிற வரைக்கும் அதுதான் இருக்கும். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, நெல் இருந்திருக்கிறது, தங்கம் இருந்திருக்கிறது. தண்ணீர் வைத்தபோதுதான் சுனாமி வந்தது என்று ஊரிலே சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் விடலாம். என் கணக்கு வேறு. எங்கேயோ ஒரு ஓட்டு வீட்டிலே தூங்கிய ஓர் ஆளின் கனவை, "அப்புடிங்களா, வாங்க, கேட்டுப் பாக்கலாம்" என்று ஒரு கோயிலே எழுந்து நின்று விசாரிக்கிறதே! நகரத்திலே நம் கனவைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? மனைவியே கேட்பதில்லை. (பலத்த சிரிப்பு) "மொதல்ல கேஸுக்குப் போன் பண்ணுங்க" என்கிறாள்.

ஆஸ்பத்திரி தூரம் என்றார்கள். தூரம்தான். 2008இலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, ஆனாலும் பெரிய வியாதி என்றால் கோயம்புத்தூர்தான் வரவேண்டும். வேலை இல்லை என்றார்கள். அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். காங்கேயம் எல்லையைத் தொட்டதும் தேங்காய்ப் பருப்பு வாசம் மூக்கிலே ஏறும். கொப்பரைக் களம், எண்ணெய் ஆலை, அரிசி ஆலை. வெள்ளகோவிலிலே விசைத்தறி. மூலனூரிலே முருங்கை. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வடநாட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. காங்கேயம் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் முதலில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றார்கள். 1979இல் பெரியார் மாவட்டம் என்றார்கள். பிறகு அதற்கு ஈரோடு என்று பெயர் வந்தது. 2009இல் திருப்பூர் மாவட்டம் என்றார்கள். வீட்டை மாற்றாமலேயே மூணு முறை விலாசம் மாற்றின ஒரே ஆட்கள் நாங்கள்தான்! (சிரிப்பு)

இனி, சிரிக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார். 2024 நவம்பரிலே பல்லடம் பக்கத்திலே ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இலே சிவகிரி பக்கத்திலே இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. "இதுதான் உங்கள் நிம்மதியான சிற்றூரா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தச் செய்தி வந்த வாரத்திலே கொங்கு நாட்டில் எத்தனை மகன்கள் துபாயிலிருந்தும் டெக்ஸாஸிலிருந்தும் போன் போட்டு, "அம்மா, காட்டை வித்துட்டு வந்துருங்க" என்று சொன்னார்கள் தெரியுமா? நான் அந்த மகன்களைக் குறை சொல்லவில்லை. பயம் இருக்காதா? ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அந்தச் சாளை வாசலிலே ஒரு காலத்தில் எத்தனை கயிற்றுக் கட்டில் கிடந்தது? அப்பாரு ஒரு கட்டில், அப்பா ஒரு கட்டில், பண்ணையத்து ஆள் ஒருவர், படிக்கிற பையன்கள் ரெண்டு பேர். ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர் கவலை ஓட்ட எழுந்திருப்பார். அந்த வீட்டில் இருட்டே முழுசாக இருந்தது கிடையாது. பிறகு கட்டில்கள் ஒவ்வொன்றாக நகரத்துக்குப் போயின. ஒன்று கோயம்புத்தூருக்கு, ஒன்று பெங்களூருக்கு, ஒன்று புளூமிங்டனுக்கு. இப்போது ரெண்டு கட்டிலும் ஒரு கேமராவும் இருக்கிறது. திருடன் வந்தால் கேமரா படம் எடுக்கும், சத்தம் போடாது. ஆகையினாலே நண்பரே, நீங்கள் காட்டுவது ஊரின் குற்றமா, ஊரைக் காலி செய்ததின் குற்றமா? (பலத்த கைதட்டல்)

ஆட்டுக்கும் இதே கதைதான். ஆட்டைப் பட்டியிலே அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஊர்கள் இவை. சமீப வருடங்களிலே காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்க் கூட்டம் ராத்திரியிலே பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிறது. இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள் விவசாயிகள். இங்கே நமக்கு அது பேப்பரிலே நாலு வரி. ஓர் ஆடு என்றால் அந்தக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூட ஃபீஸ். கொரங்காட்டுக்கு அரசாங்கக் கணக்கிலே பெயர் என்ன? தரிசு. புல் விளைகிற நிலத்தைத் தரிசு என்று எழுதினால், அடுத்தது என்ன வரும்? 'கிளுவை கார்டன், டி.டி.சி.பி. அப்ரூவ்டு, இன்னும் சில மனைகளே உள்ளன.' அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. இல்லினாய் மாநிலத்துக்குச் செல்லப் பெயரே புல்வெளி மாநிலம். அங்கே இன்றைக்குப் பழைய புல்வெளி எங்கே மிஞ்சியிருக்கிறது? ரயில் பாதை ஓரத்திலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும், துண்டு துண்டாக. கலப்பை போகாத இடம் அது மட்டும்தான். தேடிப் பிடித்து வேலி கட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால் நான் படித்த படிப்புக்கு அர்த்தம் இல்லை. எதிரணியிலே இளைய நண்பர் சாதியைச் சொன்னார். "என் தாத்தாவுக்குத் தனிக் குவளையிலே டீ கொடுத்த ஊர். நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த பிறகுதான் எல்லாரும் குடிக்கிற டம்ளரிலே குடித்தேன்" என்றார். இன்றைய மேடையிலே பேசியதிலேயே கனமான பேச்சு அதுதான். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையிலே டாக்டர் அம்பேத்கர் கிராமத்தை ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதற்கு அந்த ஒரு டம்ளர் போதும். கிளுவை வேலிக்கு உள்ளே இருக்கிற புல்லின் பெருமையைப் பேசுகிற நான், வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்த ஆளை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. பண்ணையத்து ஆளின் கட்டிலும் அந்த வாசலில் கிடந்தது என்று சற்று முன்னே சொன்னேன். எந்த ஓரத்திலே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பேரன் பனியன் கம்பெனிக்குப் போனது சரி. நான் அவனைத் திரும்பி வா என்று கூப்பிடமாட்டேன். கூப்பிட வேண்டியது ஊர், அதுவும் அதே டம்ளரோடு.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டார்கள். மாட்டு மணி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம், இது நடுவர் மணி. ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு அமர்கிறேன்.

அந்த வெள்ளகோவில் அம்மா இப்போது ஊரிலே இருக்கிறார். காட்டை விற்கவில்லை. மூன்று ஏக்கர் கொரங்காடு, பதினொரு ஆடு, ஒரு பசு. பகலிலே மேய்ச்சல், ராத்திரியிலே பட்டியை வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்திலேயே மாற்றிவிட்டார். பக்கத்துத் தோட்டத்திலே இருக்கிற பீகார்க்காரப் பையனின் குடும்பத்தைத் தன் வீட்டு முன் அறையிலே குடி வைத்திருக்கிறார். "வாடகை எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "வாடகையா? அவன் பொண்டாட்டி பேசற பாஷ எனக்குப் புரியாது, நாம் பேசறது அவளுக்குப் புரியாது. அதெல்லாம் எனக்குப் பழக்கந்தான் கண்ணு. சாயங்காலமானா ரெண்டு பேரும் உக்காந்து அவரைக்காய் உரிக்கறோம்" என்றார்.

தீர்ப்பு உங்கள் கையில் ஐயா.

(நீண்ட கைதட்டல்)